வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றேன்

போன வாரம் மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை இருமினார். லொக், லொக். வெயில் காலத்து வறட்டு இருமல். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருமலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் வரவேண்டும். கையைக் கழுவச் சொல்லவேண்டும், முகத்தை மூடச் சொல்லவேண்டும், தள்ளி நிற்கச் சொல்லவேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு மணி அடிக்கவேண்டும். மணி அடித்தால்தான் என் பெண் போனை எடுப்பாள்.

ஊரடங்கு நாட்களில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் அந்த இருமல்தான். யாரோ இருமிப் பதிவு செய்து வைத்தது. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் கேட்டேன். அவள் எங்களுக்குப் போட்டால் அவளும் கேட்டாள்.

"நைனா, அந்த இருமறவங்களுக்கு யாராச்சும் ஒரு சுக்குக் காப்பி வெச்சுக் குடுங்களேன், பாவம்" என்று சிரிப்பாள். சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் வளையல் குலுங்கும். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள், இரண்டு கையிலும் முழங்கை வரை. பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பேன், அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் வராதா என்று.

அவள் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாங்கள் கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பம் இருக்கிற லைன் வீட்டில். நடுவில் எளாவூர் செக்போஸ்ட், அப்புறம் ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. மற்ற நாட்களில் அதை எல்லை என்று யாரும் நினைத்ததில்லை. பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்தால் கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகியிருக்கும், அவ்வளவுதான். மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேருகிற தூரம்.

வளைகாப்பு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் பேசி முடிவு செய்கிற விஷயமில்லை. வளையல் அடுக்கி, கலந்த சோறு ஐந்து வகை கட்டி, பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிடுவோம். ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பமாட்டார்கள், லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று. சனிக்கிழமையும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. அதனால் திங்கட்கிழமை வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் மாமியார் கையில் சாம்பார் வாளியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகன், என் மாப்பிள்ளை, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஒரிசா பக்கம் போயிருந்தார். வளைகாப்புக்கே வர முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா எங்களிடம் வந்தார். என் மனைவியை அவர் தெலுங்கு வழக்கத்தில் வதினா என்பார், என்னை அண்ணா.

"வதினா, பார்டர மூடப் போறன்னு சொல்லிக்கினே கீறான் டிவியில. பேசாம இன்னைக்கே கூட்டிக்கினு போயிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

என் மனைவி பெண்ணின் துணிப்பையை எடுத்தே விட்டாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அதெப்படிமா? வெள்ளிக்கெழம. உங்க ஊட்டு லட்சுமிய நாங்க தூக்கிக்கினு போனா நல்லாவா இருக்கும்? நாளைக்கு உங்களுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எங்களத்தான் சொல்வாங்க."

"நானே சொல்றன் இல்லண்ணா?"

"நீங்க பெரிய மனசோட சொல்றீங்க. நாங்க மொறையா நடந்துக்கணும் இல்ல? வெள்ளிக்கெழம வேணாம். திங்கக்கெழம காலைல காரோட வரேன்."

பந்தியில் இருந்த நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். பெண் கொடுத்தவனுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்கிற தலையாட்டல். அது எனக்கு இதமாக இருந்தது. இன்னும் ஒரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன். என் மனைவி பையைக் கீழே வைத்தாள். துணிப்பை கீழே வைத்தால் சத்தம் வராது. வைத்த விதம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் எல்லையை மூடினார்கள்.

ஊரடங்கு முதலில் ஒரு நாள் என்றார்கள். பிறகு இருபத்தோரு நாள். பிறகு நாள் கணக்கு சொன்னால் யாரும் நம்பவில்லை. தொழிற்பேட்டை ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டது. நான் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். கூரைக்குக் கீழே தொங்குகிற கேபினில், அடுப்பு மேல் வைத்த சட்டிபோல, எட்டு மணி நேரம் வெந்துகொண்டிருப்பேன். அங்கே ஒரு நாளும் மூச்சு முட்டியதில்லை. என் கை அசைந்தால் கொக்கி அசையும், கொக்கி அசைந்தால் இரண்டு டன் இரும்பு எழுந்து என் பின்னால் நடந்து வரும். வீட்டில் என் கை அசைந்தால் விசிறி மட்டும் ஆடியது.

கதவிலிருந்து அடுப்புவரை ஏழு தப்படி. திரும்பினால் மறுபடியும் ஏழு. குளிக்கிற இடத்துக்கு வரிசை, குடத்துக்கு வரிசை. வாசலில் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் தெரு, தெருவைத் தாண்டினால் லத்தி. ஒரு மணிக்குக் கடை சாத்திவிடும். மதியம் இரண்டு மணிக்கு உலகத்தில் எவ்வளவு வெயில் இருக்கிறது என்று அந்த வருஷம்தான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. வருஷக்கணக்காக அதன் அதிர்வில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. இப்போது டம்ளர்கள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எதையாவது போட்டு உடைக்கவேண்டும்போல இருந்தது.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட்டு முடிந்திருக்கும். "சாப்பாடு கீது." "சிலிண்டர் தீந்துச்சி." "தண்ணி வந்துச்சி." இவ்வளவுதான் அவள் பேச்சு. ஏழு தப்படிக்குள் இரண்டு பேர், அதில் ஒருவர் பேசவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். அப்போது நாங்கள் கடம்பத்தூரில் என் வீட்டில் இருந்தோம். அவள் அம்மா வீடு திருப்பாச்சூர், கூப்பிடு தூரம்தான். அவர்கள் அழைத்துப்போக வரவேண்டிய நாளில் மழை, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வடியட்டும் என்றோம். தண்ணீர் வடிவதற்குள் வலி எடுத்துவிட்டது. ஆண்கள் வாசலில் நின்றோம், அறைக்குள் என் பக்கத்துப் பெண்கள் இருந்தார்கள். அவளுக்கு என்று அங்கே யாருமில்லை. பையன் அழவே இல்லை. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அவன் அழுதிருப்பான் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். அவள் மட்டும் அப்படித்தான் நம்பினாள். அந்த நம்பிக்கையை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆக, பெண்ணுக்கு வலி எடுக்கும்போது தான் பக்கத்தில் இருக்கவேண்டும், அவளுக்கு வேண்டியது இது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நான் ஒரு கரண்டி பாயசத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தேன்.

கதவோரம் ஆணியில் ஒரு பை தொங்கியது. அவளுடைய பழைய நூல் புடவைகளைக் கிழித்து மடித்த துணிகள், வசம்பு, சுக்கு, பெருங்காயம், ஒரு சின்ன டப்பாவில் விளக்கெண்ணெய். பிரசவத்துக்கென்று சேர்த்தது. வாரம் ஒரு தடவை அந்தத் துணிகளை எடுத்துத் துவைத்துக் கொடியில் போடுவாள். அழுக்கே படாத துணிகள். காய்ந்ததும் மறுபடி மடித்துப் பையில் வைத்து ஆணியில் மாட்டுவாள். நான் நடந்துகொண்டே இருப்பேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பை என் தோளில் இடிக்கும்.

எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றார்கள். பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் திறந்துவைத்து, உள்ளே டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர்தான். "குனிஞ்சு வாண்ணா, தலைய இட்சிக்காத. போலீஸ் வண்டி இப்பத்தான் போச்சு."

பிரசவம் என்று எழுதிப் போட்டோம். நிராகரித்துவிட்டார்கள். தாய் வீடு, முதல் பிரசவம், வழக்கம் என்றெல்லாம் விளக்கி இன்னொரு தடவை போட்டோம். அதுவும் போயிற்று.

"அண்ணா, வழக்கமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரியாது. கல்யாணம், மருத்துவம், சாவு. மூணுதான் கீது. சாவுன்னு போடு, மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

"யார் சாவு?"

"யாரையாச்சும் போடேன். உனக்குப் புடிக்காத சொந்தக்காரன் ஒருத்தன்கூடவா இல்ல?"

இருட்டில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வெளியே சத்தம் கேட்டுவிடும் என்ற பயம் சிரிப்பை இன்னும் கிளப்பியது. பல நாட்களுக்குப் பிறகு சிரித்த சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து, அவளும் சிரிப்பாள் என்று நினைத்து, அதைச் சொன்னேன்.

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். "பொறக்கப் போற கொழந்தைக்கு சாவுன்னு எழுதிக் குடுத்துத்தான் வழி கேப்பீங்களா?"

ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் ரயில் பாதையில் ஏறி வடக்கே நடந்தேன். தண்டவாளத்துக்குச் செக்போஸ்ட் கிடையாது என்று திடீரென்று தோன்றியிருந்தது. ரயில் இல்லாத பாதை ஊர் இல்லாத கனவுபோல நீண்டுகொண்டே போனது. ஜல்லியில் புல்பூண்டு முளைத்திருந்தது. சிக்னல் கம்பத்தில் காக்கை கூடு கட்டத் தொடங்கியிருந்தது. நாய் ஒன்று இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மல்லாந்து தூங்கியது, உலகத்தை அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டதுபோல. எளாவூர் ஸ்டேஷன் பலகை கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் என்னை நானே கேட்டுக்கொண்டேன்: போய்? போய் என்ன செய்வாய்? நிறைமாதப் பெண்ணைக் கட்டைக்குக் கட்டை தாண்டவிட்டு இதே ஜல்லியில் நடத்திக் கூட்டி வருவாயா? கொஞ்ச நேரம் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தேன். சுட்டது. எழுந்து திரும்பி நடந்தேன். வீட்டில் அவள் என் செருப்பைப் பார்த்தாள், ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை இணைத்து, மருத்துவம் என்று போட்டு, மூன்றாவது தடவை பாஸ் வந்தது. ஒரே ஒரு நாளைக்கு. என்ன கிழமை என்று பார்த்தேன், வெள்ளிக்கிழமை. மனைவியிடம் போனைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வழியில் வலி எடுத்துவிட்டால் வேண்டுமே என்று.

வாடகைக் காரில் எளாவூருக்குப் போனோம். செக்போஸ்டில் லாரிகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஷாமியானா, இரண்டு மேஜை, காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. இரும்புத் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு ஆட்டோ நின்றது. அதற்கு மேல் விடவில்லைபோல. என் பெண் இறங்கி நடந்து வந்தாள். ஒரு கை இடுப்பில். பின்னால் மாமியார் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் வெயிலில். அந்த நடையைப் பார்க்கும்போதே என் மனைவி தடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜையில் இருந்த சுகாதாரத் துறை அம்மா பாஸை இரண்டு தடவை படித்தார். நல்ல மாதிரி. "பாஸ் கரெக்டா கீது. பொண்ண இங்கேந்து நேரா காலேஜுக்கு அனுப்பணும்."

"காலேஜுக்கு எதுக்குமா?" என்றேன்.

"வெளி மாநிலத்துலேந்து வர்றவங்கள பதினாலு நாள் காலேஜ்லதான் வெச்சிருக்கோம். டெஸ்ட் எடுத்து, ஒண்ணும் இல்லன்னா ஊட்டுக்கு அனுப்புவோம்."

"டேட்டுக்கே இன்னும் பத்து நாள்தாம்மா கீது."

அவர் என் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். "ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கும். டாக்டர் வருவாங்க. பயப்படாதம்மா."

"நான் கூட இருக்கலாமா?" என்றாள் என் மனைவி.

"கூட யாரையும் விடமாட்டோம்மா. கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கலாம்."

லாரி அடுப்பிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. முதலில் பேசியது என் பெண்தான்.

"கேட்டுக்கு வெளிய நிக்கறதுக்கா நைனா இவ்ளோ கஷ்டப்பட்டு பாஸ் வாங்கன?" முகத்தில் கட்டியிருந்த துணிக்குமேல் கண் மட்டும் தெரிந்தது. அது சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் திரும்பிப் போறன். அத்த ஊடே தேவல."

என் மனைவி பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைக் கேட்டாள். "சார், இந்தப் பக்கத்துலேந்து ஒருத்தர் அந்தப் பக்கம் போனா?"

"போறவங்கள நான் ஏம்மா கேக்கப் போறன்? திரும்பி வர்றப்போ கேப்பன். அந்தப் பக்கம் உடறதும் உடாததும் அவங்க பாடு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், அவளால் கேட்க முடியாது என்பதும் தெரியும். பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்கிச் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் பெரிய கௌரவக் குறைச்சல். அதுவும் பிரசவத்துக்கு. நாங்கள் செய்யவேண்டியதை அவர்கள் வீட்டு அடுப்பில், அவர்கள் அரிசியில். விசேஷத்துக்குப் போனாலும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். கேட்கவேண்டியவன் நான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று முறை பேசிய அதே வாய்தான் முறையை விட்டுக் கேட்கவேண்டும். முகத்துத் துணியைக் கீழே இறக்கிவிட்டுச் சம்பந்தி அம்மாவைப் பார்த்தேன்.

"மா... எங்கூட்டுக்காரம்மா உங்க ஊட்டுக்கு வரட்டுமா? கொழந்த பொறக்கற வரைக்கும்?"

அவர் குடையை மடக்கினார். "இதுக்கா இவ்ளோ நேரம் மென்னு முழுங்கினு நின்னீங்க? வா வதினா. தடாகிட்ட நிக்கறவரு எங்கூர் மாப்ளதான். மொனகுவாரு, அப்புறம் உட்ருவாரு." பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாக: "இன்னைக்கு வெள்ளிக்கெழமண்ணா. ஊட்டுக்கு வர்ற லட்சுமிய வேணாம்னு சொல்ல எனக்குத் தெரியாது."

போலீஸ்காரர் ஒரு தடுப்பை ஓரடி நகர்த்தினார். என் மனைவி உடுத்திய புடவையோடும் அந்தப் பையோடும் அந்த ஓரடி வழியில் பக்கவாட்டாக நுழைந்து அந்தப் பக்கம் போனாள். முதலில் பெண்ணின் வயிற்றில் கை வைத்தாள். வளையல் குலுங்கியது. நேரில் கேட்டால் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது, போனில் வருவதைவிடக் கனமாக.

பேத்தி பிறந்த சேதி பதினோராம் நாள் காலையில் வந்தது. மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தேன். இரண்டு அம்மாக்களும் ஒரே போனில், ஒரே நேரத்தில், ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் கத்தினார்கள். நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. அழுகைதான். நன்றாக, ஊரைக் கூட்டுகிற அழுகை. நான் ஏழு தப்படி நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். தோளில் இடிக்க ஆணியில் பை இல்லை. மூன்று மாதம் அந்த அறையில் தனியாகக் கிடந்தேன். மனைவி திரும்பி வந்தபோது அவளைப் பதினாலு நாள் காலேஜில் வைத்தார்கள். தினம் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போய் நின்று பார்த்தேன்.

ஆனால் இருமல் கேட்டால் நான் போய் நிற்பது அந்தச் செக்போஸ்டில்தான். மூன்று பெண்களும் ஆட்டோவை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரும்பு கையைச் சுட்டது, எடுக்கவில்லை. பத்தடி போனதும் என் மனைவி நின்றாள். பையைப் பெண்ணிடம் கொடுக்காமல், தானே இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"பால்காரம்மாகிட்ட நாளைலேந்து கால் லிட்டர் போதும்னு சொல்லிடுங்க."

"சரி" என்றேன்.

முகத்தில் கட்டியிருந்ததை மோவாய்க்கு இழுத்துவிட்டாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் உதட்டோரம் லேசாக ஆடியது.

"அப்புறம், திங்கக்கெழம காரெடுத்துக்கினு வந்து நிக்காதீங்க."